ரத்னா, மாமிகிட்ட சொல்லு

தன் மாமியாருக்கும் ரத்னாவுக்கும் ஒரே வித்தியாசம், ரத்னா ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போவதில்லை என்று சபார்தா ஒரு சாயங்காலம் ஆற்றங்கரைக் கள்ளுக்கடையில் சொல்லிவைத்தான். ரத்னா மனுஷி இல்லை. புக்கிட் லாவாங் காட்டில் நடக்க வருகிறவர்களின் பையைப் பிடுங்கித் தின்றே உடம்பு வளர்த்த ஒராங்குட்டான் குரங்கு. கடையில் இருந்த வழிகாட்டிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரித்தவர்களில் ஒருவன் அந்த வாரமே மலைமேல் ஒரு சாவுக்குப் போனான். போன இடத்தில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தானா? சபார்தாவின் மாமியாருடைய நாத்தனார் காதில் போட்டுவிட்டுத்தான் இறங்கினான்.

சொன்ன நேரமும் நல்ல நேரமில்லை. சபார்தாவின் மனைவி ரெஹுலினா, மகள் பிந்தாவைக் கூட்டிக்கொண்டு மலைமேல் இருக்கிற தாய் வீட்டுக்குப் போய் மாதக்கணக்காகிவிட்டது. சண்டை போட்டுவிட்டுப் போயிருந்தால்கூடச் சமாதானம் பேச ஒரு நுனி கிடைத்திருக்கும். அவள் துணியை மடித்துப் பையில் வைத்தாள், பேருந்து ஏறினாள், அவ்வளவுதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் இரண்டு குடும்பமும் பாய் விரித்து உட்காரப்போகிறது. சேர்த்துவைப்பதா, தீர்த்துவிடுவதா என்று அன்றைக்கே முடிவு கட்டிவிடுவார்கள். பேசப்போவது என்னவோ ஆண்கள்தான். ஆனால் மாமியின் முகம் எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம்தான் பேச்சும் திரும்பும். ரெஹுலினா இல்லாத வீட்டில் சபார்தாவுக்குத் தூக்கம் வரவில்லை, சோறு இறங்கவில்லை. கள்ளு மட்டும் இறங்கியது. ரத்னா விஷயத்தைச் சொல்லவைத்ததும் அதுதான்.

அவள் ஏன் போனாள் என்பது தனக்குத் தெரியும் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான். எல்லாம் வெள்ளைக்காரிகளால் வந்த வினை. புக்கிட் லாவாங் வழிகாட்டி என்றால் மலைமேல் இருக்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று அவனுக்குத் தெரியாதா? தோள்வரை முடி, காதில் கடுக்கன், கையில் கித்தார், ஆற்றோரக் கூடாரத்தில் நெருப்பு மூட்டி ஊர் பேர் தெரியாத பெண்களோடு பாட்டு. இதில் பாட்டு மட்டும்தான் உண்மை. மற்றது எதுவும் அவனுக்கு வாய்க்கவில்லை. வாய்க்கவில்லை என்பதை ஒரு கூட்டத்தின் முன்னால் எப்படி நிரூபிப்பது என்றுதான் அவன் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை காலை தொங்குபாலத்தை ஒட்டிய கடை பெஞ்சில் மாமி உட்கார்ந்திருந்தாள். தலையில் சிவப்புத் துணிக் கட்டு, காலில் ரப்பர் சப்பாத்து, வாயில் வெற்றிலை, மடியில் ஒரு துணிப்பை. முந்தின நாளே வந்து சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருக்கிறாள். சபார்தா பாலத்தின் நடுவிலேயே நின்றுவிட்டான்.

சபார்தாவின் இனமான கரோக்காரர்களில் மாமியாரும் மருமகனும் ஒருவரோடு ஒருவர் பேசக்கூடாது. முகத்துக்கு முகம் பார்க்கக்கூடாது, தொடக்கூடாது, ஒரே பெஞ்சில் உட்காரக்கூடாது. இதற்கு ரெபு என்று பேர். பெரியவர்கள் இதை மரியாதை என்பார்கள். பல வீடுகளில் அடிதடி நடக்காமல் இருப்பதற்கு இந்த மரியாதைதான் காரணம். சொல்லியே ஆகவேண்டியது ஏதாவது இருந்தால் நடுவில் இன்னொருவரை நிறுத்தி, அவரிடம் சொல்வதுபோலச் சொல்லலாம். ஆள் இல்லாவிட்டால் தூணிடம் சொல்லலாம், நாயிடம் சொல்லலாம், அடுப்பில் கொதிக்கிற கெண்டியிடம்கூடச் சொல்லலாம். கேட்கவேண்டியவர் காதில் எப்படியும் விழுந்துவிடும்.

அன்றைக்குத் தூண் வேலைக்குப் பொனிமின் கிடைத்தான். காட்டுப் பயணங்களுக்குச் சமைக்கிறவன், ஜாவாக்காரன். ரெபு அவனைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அதில் எவ்வளவு வேடிக்கை இருக்கிறது என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும்.

"பொனிமின், உங்க வழிகாட்டிகிட்ட சொல்லு, நானும் இன்னைக்குக் காட்டுக்கு வர்றேன்னு" என்றாள் மாமி. "அப்படி என்ன உத்தியோகம் பாக்குறாருன்னு ஒரு நாள் பாத்துட்டுப் போறேன்."

பாலத்தில் நின்ற சபார்தாவுக்கு அது நன்றாகவே கேட்டது. இருந்தாலும் பொனிமின் அவனிடம் நடந்துவந்தான்.

"உன்ன வேவு பாக்க வந்திருக்காங்க."

"அப்படியா சொன்னாங்க? எனக்கும் காது இருக்குடா."

"அவங்க சொன்னது வேற. நான் அர்த்தத்தச் சொல்றேன்."

"பாதை சறுக்கும், அட்டை ஏறும், இந்த வயசுல எதுக்குச் சிரமம்னு மாமிகிட்ட சொல்லு."

பொனிமின் திரும்பிப் போனான். "மாமி, உங்களுக்கு வயசாயிடுச்சாம்."

"ஆரஞ்சுக் கூடையத் தலையில வச்சு மலை ஏறுற காலு இது. வாய வச்சுக்கிட்டு முன்னாடி நடக்கச் சொல்லு."

அன்றைய விருந்தாளி ட்ரூஸ் என்ற டச்சுக்காரி. தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், புருஷனைப் புதைத்துவிட்டுக் குரங்கு பார்க்கக் கிளம்பியவள், மாமியைவிட வயதில் மூத்தவள். அவளைப் பார்த்ததும் சபார்தாவுக்குப் பாதி உயிர் திரும்பியது. இதைவிட நல்ல சாட்சி வேறெங்கே கிடைக்கும்? ஓடிப்போய் முடியை இறுக்கிக் கட்டினான், கடுக்கனைக் கழற்றினான், கித்தாரை வீட்டிலேயே வைத்துப் பூட்டினான். நம்மோடு என் மாமியார் வருகிறார், அவரோடு நான் பேசமாட்டேன், தப்பாக நினைக்கவேண்டாம் என்று ட்ரூஸிடம் ஆங்கிலத்தில் சொன்னான். தன் மாமியாரோடும் யாரும் பேசியதில்லை என்று ட்ரூஸ் சொன்னாள்.

முதல் தகராறு வரிசையில் வந்தது. ரப்பர் தோட்டம் முடிந்து காடு தொடங்கும் இடத்தில் பாதை ஒற்றையடியாகிவிடும். வழிகாட்டி முன்னால் நடக்கவேண்டும். அவனுக்கு நேர் பின்னால் மாமி வரக்கூடாது. கடைசியில் நடக்கவிட்டால் மாமியை அவமதித்ததாகிவிடும். பொனிமினும் ட்ரூஸும் மாறி மாறி நின்று பார்த்து, ஒருவழியாக ட்ரூஸ் இரண்டாவது, மாமி மூன்றாவது, சட்டிபானைகளோடு பொனிமின் கடைசி என்று முடிவானது. இதற்குள் மரத்தின்மேல் உட்கார்ந்திருந்த கொண்டைக் குரங்குக் குடும்பம் ஒன்று எல்லாவற்றையும் பார்த்துச் சலித்து எழுந்து போய்விட்டது.

சபார்தா அன்றைக்குத் தன் வித்தை முழுவதையும் இறக்கினான். கிப்பன் குரங்கு கத்தினால் ஆணா பெண்ணா என்று சொன்னான். புலி பிறாண்டிய மரத்தைத் தொட்டுக் காட்டினான். எறும்பை உள்ளங்கையில் ஏற்றி நக்கிக் காட்டி எலுமிச்சைப் புளிப்பு என்றான். ஒவ்வொன்றுக்கும் இடையில் பின்னால் என்ன நடக்கிறது என்று காதைத் தீட்டிக்கொண்டான். மாமி வெற்றிலைச் சாற்றைத் துப்புகிற சத்தம் மட்டும் வந்தது.

"எறும்பத் திங்கிறதுக்கா நேதர்லாந்துலேர்ந்து வராங்கன்னு மாமி கேக்குறாங்க" என்று பொனிமின் பின்னாலிருந்து குரல் கொடுத்தான்.

"அது அவங்களுக்குப் புதுசுன்னு சொல்லு."

"மாமி, வீட்டுல சோறு இல்லையாம் அவங்களுக்கு."

ட்ரூஸுக்கு மாமியை ரொம்பப் பிடித்துவிட்டது. எத்தனை பிள்ளைகள் என்று கேட்டாள். கேள்வியை சபார்தா கரோவில் பொனிமினிடம் சொல்ல, பொனிமின் அதை மாமியிடம் சொல்ல, மாமி பதிலைப் பொனிமினிடம் சொல்ல, அது அதே வழியில் திரும்பி வந்தது. மாமியும் சபார்தாவும் ஒரே மொழி பேசுகிறவர்கள், நடுவில் ட்ரூஸின் முதுகு மட்டும்தான் இருக்கிறது. இந்தப் பதில் வந்து சேர்வதற்குள் தலைக்குமேல் ஓர் இருவாச்சி இறக்கையடித்துக் கடந்து போனதை ட்ரூஸ் தவறவிட்டாள். மூன்று ஆண், ஒரு பெண் என்பதுதான் பதில். அந்த ஒரு பெண்ணைத்தான் இவனுக்குக் கொடுத்தேன் என்று மாமி கூடவே சொன்னதை சபார்தா மொழிபெயர்க்கவில்லை.

ஓடையைத் தாண்டும்போது ட்ரூஸுக்குக் கை கொடுக்கத் திரும்பியவன், மாமியின் கழுத்தில் கொழுத்த அட்டை ஒன்று தொங்குவதைப் பார்த்துவிட்டான். பார்த்ததே குற்றம். சொன்னால் பார்த்தது தெரிந்துவிடும், சொல்லாவிட்டால் அட்டை குடித்துத் தீர்த்துவிடும். பொனிமினைக் கண்ணால் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னான்.

பொனிமின் காடே கேட்கும்படி சொன்னான். "மாமி, உங்க கழுத்த மாப்பிள்ளை பாத்துட்டாரு."

"என் கழுத்துல அவருக்கு என்ன வேலையாம்?"

"அட்டை இருக்குன்னு சொல்றாரு."

மாமி மறுபேச்சில்லாமல் வெற்றிலைச் சுண்ணாம்பை விரலில் எடுத்து அட்டையின் தலையில் தடவினாள். அட்டை சுருண்டு விழுந்தது. அதைக் காலால் தள்ளிவிட்டு அவள் ட்ரூஸைப் பார்த்துச் சிரித்தாள். அன்று காலையிலிருந்து அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. அதுவும் தனக்கில்லையே என்று சபார்தாவுக்கு வருத்தமாக இருந்தது.

மத்தியானத்துக்குமேல் பாதை பிரிகிற இடத்தில் பொனிமின் அரிசியையும் பழங்களையும் சட்டிகளையும் தூக்கிக்கொண்டு கீழ்வழியாகக் கூடாரத்துக்கு இறங்கிவிட்டான். அவன் போய்ச் சமைத்தால்தான் மற்றவர்கள் போய்ச் சேரும்போது சோறு இருக்கும். இனி நடுவில் நிற்க ட்ரூஸ் மட்டும்தான். அவளுக்குக் கரோ மொழியில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. ஆனால் ரெபுவுக்கு ஆள்தான் முக்கியம், ஆளுக்குப் புரியவேண்டும் என்று எங்கேயும் சொல்லியில்லை.

"ட்ரூஸ், மாமிகிட்ட சொல்லுங்க. கால் வைக்கிற இடத்துல வேர் இருக்கு, வழுக்கும்" என்றான் சபார்தா கரோவில்.

ட்ரூஸ் மரத்தை அண்ணாந்து பார்த்து, அற்புதம் என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

"ட்ரூஸம்மா, வேர் எனக்கும் தெரியுதுன்னு சொல்லு" என்றாள் மாமி. ட்ரூஸ் அதற்கும் தலையாட்டினாள்.

சரிவின் பாதியில் கிளை முறிகிற சத்தம் கேட்டது. சபார்தா அண்ணாந்தான். செம்பட்டை முடி, வாழைக்குலை மாதிரி தொங்குகிற கை, இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு குட்டி. பத்து வருஷமாகப் பார்க்கிறான், அவளை வேறு யாரோடும் குழப்பிக்கொள்ள முடியாது. ரத்னா வந்தால் செய்யவேண்டியதை அவன் ஆயிரம் விருந்தாளிகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறான். ஓடாதே, கத்தாதே, பையைக் காட்டாதே, மெதுவாகப் பின்வாங்கு. ட்ரூஸின் முழங்கையைப் பிடித்து மேலே வளைவுவரை கொண்டுபோய்ப் பெரிய மரத்துக்குப் பின்னால் நிறுத்தி, நகரக்கூடாது என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு ஓடிவந்தான். மாமியின் முழங்கையை அப்படிப் பிடிக்க முடியாது. பிடிக்கமுடியாத அந்தக் கொஞ்ச நேரத்தில் ரத்னா கீழே இறங்கிவிட்டாள்.

அவள் பாதையின் நடுவில் வசதியாக உட்கார்ந்தாள். இந்தப் பக்கம் சபார்தா, அந்தப் பக்கம் மாமி. ஒரு கை மாமியின் பையைப் பிடித்திருந்தது. இன்னொரு கை மாமியின் மணிக்கட்டைச் சுற்றியிருந்தது. ஒராங்குட்டான் பிடித்தால் பிடித்ததுதான். திமிறினால் கடிக்கும். பழம் ஏதாவது எறிந்தால் விட்டுவிடும், அது விதிக்கு விரோதம் என்றாலும் எல்லா வழிகாட்டியும் ஆபத்துக்குச் செய்வதுதான். பழம் முழுவதும் பொனிமின் முதுகில் போய்விட்டது.

சபார்தா கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, தெரிந்த ஒரே வழியில் பேசினான்.

"ரத்னா, மாமிகிட்ட சொல்லு. கைய இழுக்க வேண்டாம். அசையாம நின்னு, பைய மட்டும் விட்டுடச் சொல்லு."

ரத்னா அவனைப் பார்த்து உதட்டை நீட்டினாள்.

"ரத்னா, அவருகிட்ட சொல்லு" என்றாள் மாமி. குரலில் நடுக்கம் இருந்தது, ஆனாலும் பணிவு இல்லை. "பையில சிம்பா இருக்கு. வெல்லம், தேங்கா வச்சு இலையில கட்டி அவிச்சது. அது உனக்குச் செஞ்சதில்ல."

"ரத்னா, சிம்பா போனாப் போகுது. விரல் போனா வராதுன்னு சொல்லு."

"விரல் என்னோடதுதானேன்னு சொல்லு."

குட்டி கையை நீட்டி மாமியின் தலைக்கட்டைத் தொட்டுப் பார்த்தது. மாமி அசையவில்லை. பையையும் விடவில்லை. வரி வசூலிக்க வந்தவனையே வாசலில் மத்தியானம்வரை நிற்கவைத்தவள் அவள், குரங்குக்கா விட்டுக்கொடுப்பாள். ரத்னாவுக்கும் அவசரம் ஒன்றுமில்லை. மூவரும் அப்படியே இருந்தார்கள்.

"ஏன் ரத்னா" என்றாள் மாமி கொஞ்ச நேரம் கழித்து, நடையில் உட்கார்ந்து பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுகிறவளைப் போல. "நீயும் நானும் ஒண்ணாமே. நான் மட்டும் கோயிலுக்குப் போறேனாம். உன் காதுல விழுந்துச்சா?"

சபார்தாவுக்கு அந்த இடத்திலேயே மண்ணுக்குள் போய்விடலாம்போல இருந்தது. "ரத்னா, அது கள்ளு பேசுன பேச்சு. நான் மன்னிப்புக் கேட்டதா மாமிகிட்ட சொல்லு."

"பரவாயில்ல. உன்ன நேர்ல பாத்தப்புறம் எனக்கு ஒண்ணும் கோவமில்ல. நல்லாத்தான் இருக்க."

வேறு சந்தர்ப்பம் கிடைக்காது என்று சபார்தாவுக்குத் தோன்றியது. ஞாயிற்றுக்கிழமைக்காக வைத்திருந்ததை எல்லாம் ரத்னாவிடம் கொட்டினான். "ரத்னா, மாமிகிட்ட சொல்லு. சத்தியமா எந்த வெள்ளக்காரியோடயும் எனக்கு ஒண்ணும் கிடையாது. பாட்டுப் பாடுவேன், அவ்வளவுதான். ட்ரூஸ வேணாக் கேட்டுப் பாக்கச் சொல்லு, பொனிமினக் கேக்கச் சொல்லு. என் பேருல எவளாவது ஒருத்தி..."

"யாரு வெள்ளக்காரியப் பத்திக் கேட்டா?" என்றாள் மாமி.

சபார்தா நிமிர்ந்தான். பார்க்கக்கூடாத முகத்தை முழுசாகப் பார்த்துவிட்டுச் சட்டென்று ரத்னாவின் முகத்துக்குக் கண்ணை மாற்றினான்.

"ரத்னா, இந்த ஆளுக்கு ஒண்ணுமே தெரியாது. நீ கேட்டுக்க. என் கடைசிப் பையன் கல்யாணம். பொண்ணு எடுத்த மாப்பிள்ளைதான் வந்து அண்டா ஏத்தணும், சோறு பரிமாறணும், எச்சித்தட்டக் கழுவணும். இவரு வரல. பந்தியில எல்லாரும் மாப்பிள்ளை எங்க, மாப்பிள்ளை எங்கன்னு கேட்டுட்டே சாப்பிட்டாங்க. என் பொண்ணு கைலிய இழுத்துச் செருகிக்கிட்டு அவ ஒருத்தியே தட்டுக் கழுவுனா."

"ரத்னா, ஆத்துல வெள்ளம். கூடாரத்துல மாட்டிக்கிட்டோம். ரெண்டு நாள் கயிறு போட்டும் தாண்ட முடியல. ஊருக்கே தெரியும்."

"ஊருக்கே தெரியும்" என்றாள் மாமி. "மலைமேல எனக்கும் தெரியும். பஸ் ஓட்டுறவன் சொன்னான், கருவாடு விக்கிறவன் சொன்னான். கயிறு அறுந்து ஆத்துல விழுந்த ஒரு வெள்ளக்காரனக் காப்பாத்துனாராமே, அதுகூடச் சொன்னாங்க. அவகிட்ட மட்டும்தான் சொல்லல."

சொல்லாதது உண்மைதான். வெள்ளம் வடிந்து வீட்டுக்கு வந்த அன்று அவள் முகத்தைப் பார்த்ததும் கோபமாக இருக்கிறாள் என்று தெரிந்தது. கேட்கட்டும், சொல்லலாம் என்றிருந்தான். அவன் சொல்லட்டும் என்று அவள் இருந்தாள். இரண்டு பேருக்கும் நடுவில் பிந்தா இருந்தாள். பிந்தா, அப்பாகிட்ட சோறு ஆறுதுன்னு சொல்லு. பிந்தா, நாளைக்குக் காட்டுக்குப் போறேன்னு அம்மாகிட்ட சொல்லு. பிந்தா, கூரை ஒழுகுதுன்னு சொல்லு. அடுத்த அறைக்குப் போகவேண்டிய வார்த்தை எல்லாம் அந்தப் பெண்ணின் வாய்வழியாகப் போய்வந்தது. முதல் வாரம் அது கோபம்தான். பிறகு பழக்கமாகிவிட்டது. காட்டில் நாள் முழுக்க எறும்பைப் பற்றிக்கூடப் பேசிவிட்டு வீட்டுக்கு வருகிறவனுக்கு அதில் ஒரு நிம்மதிகூட இருந்தது.

"ரத்னா, இதையும் சொல்லு" என்றாள் மாமி. குரல் இறங்கியிருந்தது. "அங்க வந்த அன்னைக்கு என் பேத்தி என்னக் கேட்டா. பாட்டி, அப்பாவுக்கு அம்மா ரெபுவா?"

வழிகாட்டியாக இத்தனை வருஷத்தில் மலைப்பாம்பு, வெள்ளம், கால் முறிந்த விருந்தாளி என்று எதற்கும் அழாதவன் குரங்கின் முன்னால் குழந்தைபோல அழுதான். அடக்கிப் பார்த்தான், அடங்கவில்லை. மருமகன் அழுவதை மாமியார் பார்க்கிறதென்றால் அதைவிடப் பெரிய ரெபு கிடையாது. மாமி தலைக்கட்டின் முனையால் முகத்தை மறைத்து முதுகைத் திருப்பிக்கொண்டாள். திரும்பும்போது அவள் கை பையை விட்டுவிட்டது.

ரத்னாவுக்கு அவ்வளவுதான் வேண்டியிருந்தது. மாமியின் மணிக்கட்டை விட்டாள், பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள், குட்டியோடு மரத்தின் உச்சிக்கு ஏறி உட்கார்ந்து சிம்பாவைப் பிரித்தாள். சுண்ணாம்பு டப்பா முதலில் கீழே விழுந்தது. பிறகு இலைகள் ஒவ்வொன்றாக வந்தன. இது குரங்குக்குத் தீனி போட்டதாகாது, குரங்கு திருடிக்கொண்டு போனதாகத்தான் கணக்கு என்று சபார்தா கண்ணைத் துடைத்துக்கொண்டே மனதுக்குள் சொல்லிக்கொண்டான்.

மாமி பக்கத்தில் இருந்த மரத்திடம் பேசினாள். "மரமே, அவருகிட்ட சொல்லு. சிம்பா நான் செஞ்சதில்ல. ரெஹுலினா செஞ்சது. யாருக்குன்னு அவளும் சொல்லல, நானும் கேக்கல."

காட்டு விலங்கு தின்ற எச்சிலைக் கையால்கூடத் தொடக்கூடாது என்று விருந்தாளிகளை அதட்டுகிறவன் சபார்தாதான். அவன் குனிந்து ஓர் இலையை எடுத்தான். ஓரத்தில் கொஞ்சம் வெல்லம் ஒட்டியிருந்தது. நக்கினான்.

வளைவுக்குப் பின்னால் ட்ரூஸ் சொன்னபடியே அசையாமல் நின்றிருந்தாள். நன்றாகப் படம் எடுக்க முடிந்ததா என்று சபார்தா கேட்டான். படம் எடுக்கவில்லை, உங்கள் குடும்ப விஷயம்போல இருந்தது என்றாள் அவள்.

மேட்டின்மேல் ஒரு பாறை உண்டு. காட்டுக்குள் அங்கே மட்டும்தான் கைபேசிக்கு சிக்னல் கிடைக்கும். அங்கே போனதும் மாமி பாறையின் அந்தப் பக்கம் போய், இவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து காலில் அட்டை தேடத் தொடங்கினாள். மகளிடம் பேசிக்கொள் என்பதுதான் அதன் அர்த்தம். சபார்தா கைபேசியை எடுத்தான். மூன்று மொழியில் வாய் ஓயாமல் பேசுகிறவன் ஓர் எண்ணை இரண்டு தடவை தப்பாக அழுத்தினான்.

எடுத்தது பிந்தா.

"அப்பா, அம்மா தோட்டத்துல ஆரஞ்சு பறிக்கிறாங்க. என்ன சொல்லணும்?"

அவனுக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நான் மன்னிப்புக் கேட்டேன்னு அம்மாகிட்ட சொல்லு. எவ்வளவு சுலபம். பிந்தா அட்சரம் பிசகாமல் போய்ச் சொல்லிவிடுவாள். அவளுக்கு அதில் அவ்வளவு பழக்கம்.

"ஒண்ணும் சொல்ல வேண்டாம் கண்ணு" என்றான். "ஃபோன அம்மாகிட்ட குடு."

ஓடுகிற சத்தம், கோழி கலைகிற சத்தம், யாரோ ஏணியிலிருந்து இறங்குகிற சத்தம். பிறகு ரெஹுலினாவின் குரல் கொஞ்சம் தள்ளிக் கேட்டது. "பிந்தா, என்ன விஷயம்னு அப்பாகிட்ட கேளு."

"அவள விடு" என்றான் சபார்தா. "ரெஹுலினா, நான் உன்கிட்ட பேசுறேன்."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். "அன்னைக்கு வெள்ளம் வந்தது உனக்குத் தெரியும். ரெண்டு நாளும் கூடாரத்துல உக்காந்து, அங்க பந்தி நடக்கும், நீ தனியாத் தட்டுக் கழுவுவன்னு நெனச்சு நெனச்சு வெக்கத்துல செத்தேன். வந்ததும் உன்கிட்ட அதச் சொல்லியிருக்கணும். கண்டவன்கிட்டயெல்லாம் சொன்னேன், உன்கிட்ட சொல்லல. தப்பு என்மேல. நீ இல்லாம என்னால இருக்க முடியல."

"கேக்கல" என்றாள் ரெஹுலினா. "அங்க காத்து அடிக்குதுபோல. இன்னொரு தடவ சொல்லுங்க."

பாறைமேல் ஓர் இலைகூட அசையவில்லை. அவன் எல்லாவற்றையும் முதலிலிருந்து மறுபடி சொன்னான், இந்தத் தடவை காடே கேட்கும்படி.

"சரி" என்றாள் அவள். மூக்கை உறிஞ்சினாள். "ஞாயித்துக்கிழமை யாரும் கூட வேண்டாம்னு அம்மாகிட்ட சொல்லிடுங்க. நான் பஸ் ஏறி வந்துக்குறேன்."

அழைப்பு முடிந்தது. சபார்தா திரும்பிப் பார்த்தான். மாமி அதே இடத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். அவன் போட்ட கத்தலில் அவன் சொன்னதெல்லாம் அவள் காதில் விழுந்திருக்கும். மகள் சொன்ன பதில் மட்டும் விழுந்திருக்காது. வாழ்க்கையில் ஒரு தடவை மாமியாருக்குச் சொல்ல நல்ல சேதி ஒன்று கையில் இருக்கிறது, ஓடிப்போய்ச் சொல்ல வழியில்லை. அவன் ட்ரூஸின் முன்னால் போய் நின்றான்.

"ட்ரூஸ், மாமிகிட்ட சொல்லுங்க" என்று கரோவில் ஆரம்பித்தான். அதற்குமேல் குரல் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

ட்ரூஸ் அவன் முகத்தைப் பார்த்தாள். அற்புதம் என்று சொல்லவில்லை, தலையாட்டவும் இல்லை. பாறையைச் சுற்றிக்கொண்டு போய் மாமியின் அருகில் உட்கார்ந்து, அவளுடைய தோளில் கையைச் சுற்றிப் போட்டு இழுத்து அணைத்துக்கொண்டாள்.

மாமி திரும்பிப் பார்க்கவில்லை. ட்ரூஸின் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"வர்றாளாமா?" என்று ட்ரூஸைக் கேட்டாள்.